கடகத்தின் மூலையும் கண்டலம ஆந்தையும்: புழங்கும் கலையை எப்படி ரசிப்பது?

1979 இல் இலங்கை மத்திய வங்கி புதிய நாணயத்தாள் வரிசை ஒன்றை வெளியிட்டது. இரண்டு ரூபாவில் தொடங்கி நூறு ரூபா வரை ஆறு தாள்கள். அதற்கு முந்திய தாள்களில் பராக்கிரமபாகு மன்னனும் பண்டாரநாயக்காவும் இருந்தார்கள். இந்த வரிசையில் ஆட்சியாளர் முகம் எதுவும் இல்லை. மீன், பறவை, வண்ணத்துப்பூச்சி, பூ, இலை. நெல் விற்ற காசாகவும் பஸ் கட்டணமாகவும் முறிகண்டிப் பிள்ளையாரின் உண்டியலில் விழுந்த காணிக்கையாகவும் வன்னியின் வீடுகளுக்குள் அவை வந்து போயின. இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் அவற்றை எச்சில் தொட்டு எண்ணியிருப்பார்கள். அவற்றை வடிவமைத்தவர் லக்கி சேனநாயக்க என்ற சிற்பி என்று அறிந்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அறியாததால் காசு செல்லாமல் போய்விடவும் இல்லை. கண்காட்சியில் தொங்கும் ஓவியத்துக்கு யாராவது முன்னால் வந்து நிற்க வேண்டும். புழங்கும் கலைக்கு அந்தத் தேவை கிடையாது. ரசிக்க ஆள் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆனால் ரசிக்கப் பழகிக்கொண்டால் அதில் கிடைக்கும் சுகம் வேறு. அதற்கு ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. சில கேள்விகளைச் சரியான ஒழுங்கில் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் லக்கியைப் பற்றிக் கொஞ்சம். 1937 இல் பிறந்தவர், 2021 மே மாதத்தில் காலமானார். 1960களில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபட வேலை செய்தார். அங்கே கட்டடத்தின் சுவரை எவ்வளவு கவனமாக வரைந்தார்களோ அவ்வளவு கவனமாக அந்தக் காணியில் நின்ற மரத்தையும் வரைந்தார்கள். அந்தப் பாணியை உருவாக்கியவர்களில் லக்கி ஒருவர். எனா டி சில்வாவின் பத்திக் துணிகளுக்கும் வடிவம் கொடுத்தார். பிறகு தம்புள்ளைக்குப் பக்கத்தில் தியபுபுல என்ற இடத்தில் மரங்களை வளர்த்து, நீரின் மேல் எழுப்பிய திறந்த கொட்டில் போன்ற வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். ஆந்தை, குதிரை, சிறுத்தை, ஓலை, இலை என்று அவர் கைக்கு வந்தவை எல்லாம் அங்கே கண்ணெதிரே இருந்தவையும் நினைவில் ஓடியவையும்தான்.

தம்புள்ளை வன்னிக்காரரான நமக்குத் தூரதேசம் அல்ல. அதே ஏ9 வீதியில், வவுனியாவிலிருந்து நூறு கிலோமீற்றர் சொச்சம். மழை அங்கேயும் வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அங்கேயும் நிற்கின்றன. கொழும்பிலிருந்து போகிறவருக்கு அது வரண்ட வலயக் காடு என்ற புதினம். வன்னி ஆளுக்கு அது முத்தையன்கட்டுக் குளத்துக்குப் பின்னால் உள்ள காட்டின் தொடர்ச்சி. லக்கியின் வேலையைப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் கலை விமர்சனம் படித்தவரைவிட நமக்கு ஒரு தகுதி கூடுதலாகவே உண்டு என்பேன். அவர் பார்த்த இயற்கையை நாம் பாடமாகப் படிக்கவில்லை, அதற்குள்ளேயே வளர்ந்தோம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி "வடிவாய் இருக்கிறதா?" என்பதல்ல. "இதற்கு என்ன வேலை?" என்பதுதான். காலிக்கு அருகே, 1997 இல் திறக்கப்பட்ட லைற்ஹவுஸ் ஹோட்டலில் ஒரு சுழற்படிக்கட்டு இருக்கிறது. படியின் ஓரத்தில் விழாமல் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கைப்பிடிக்குக் கீழே இடைவெளியை அடைக்க ஏதாவது வேண்டும். சாதாரணமாக அந்த இடத்தில் இரும்புக் கம்பிகளை நிறுத்துவார்கள். லக்கி அங்கே ஒரு போரையே நிறுத்தினார். போர்த்துக்கேயருக்கும் சிங்களப் படைக்கும் 1630 இல் ரந்தெனியவில் நடந்த சண்டை, படியோடு சேர்ந்து சுழன்று ஏறுகிறது. குதிரையும் ஈட்டியும் மனிதர்களும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெருக்கம் கலைக்காக மட்டும் வந்ததல்ல. ஒரு குழந்தை ஊடாக விழுந்துவிடாதபடி இடைவெளிகளை அடைக்க வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது. கடமையையும் கற்பனையையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாத இடம் எதுவோ அங்கே நில்லுங்கள். ரசனை தொடங்குகிற இடம் அது.

நாணயத்தாளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதன் வேலை மூன்று: தூரத்திலிருந்தே மதிப்பு தெரிய வேண்டும், பலநூறு கை மாறியும் தாங்க வேண்டும், கள்ளத்தாள் அடிக்கிறவனைக் களைக்க வைக்க வேண்டும். மீன் செதிலும் இறகும் வண்ணத்துப்பூச்சியின் சிறகும் மெல்லிய கோடுகளை ஆயிரக்கணக்கில் கேட்பவை. ஒரு தலைவரின் கன்னத்தில் எத்தனை கோடு போட முடியும்? இயற்கையை அங்கே கொண்டுவந்தது வெறும் தேசபக்திக்காக என்று நான் நினைக்கவில்லை. அச்சுத் தொழிலுக்கு அது வசதியானது. வசதியும் அழகும் ஒன்றாக வந்திருக்கின்றன.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் நுட்பமானது. இந்தப் பொருள் இயற்கையின் தோற்றத்தை எடுத்திருக்கிறதா, இயற்கை வேலை செய்யும் முறையை எடுத்திருக்கிறதா? இலை போல ஒரு தட்டுச் செய்வது ஒன்று. இலை எப்படித் தண்ணீரை வழியவிடுகிறது என்று பார்த்து ஒரு தட்டுச் செய்வது வேறொன்று. 1982 இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றத்தின் சபை மண்டபத்தில் லக்கியின் சரவிளக்கு ஒன்று தொங்குகிறது. உலோகத்தில் செய்த ஓலைகள் விரிந்து கிடக்கும் அமைப்பு. ஓலை விரிவது வெயிலை அதிகமாக வாங்குவதற்கு. சரவிளக்கு விரிவது வெளிச்சத்தை அதிகமாகக் கொடுப்பதற்கு. ஒரே வடிவத்தை எதிர்த்திசையில் வேலை வாங்கியிருக்கிறார். அதற்குக் கீழே நடக்கும் விவாதங்களின் தரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

தோற்றத்தை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, நமது பூங்காக்களில் இருக்கும் சீமெந்து மரக்குற்றி இருக்கைகளுக்குப் போகலாம். மரப்பட்டை மாதிரிக் கீறல், வெட்டுமுகத்தில் வருட வளையம், மண்ணிற வர்ணம், எல்லாம் உண்டு. மத்தியானம் இருந்து பார்த்தால் தெரியும், மரம் இப்படிச் சுடாது. மழை பெய்தால் நடுவில் தண்ணீர் தேங்கும், மரம் கொஞ்சம் குடித்துவிடும், சீமெந்து குடிக்காது. மரத்தின் முகமூடியைப் போட்டுக்கொண்டு மரம் செய்யும் ஒரு வேலையையும் செய்யாத பொருள் அது. வெறும் சீமெந்து வாங்காக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது.

இனி, இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக் குசினிக்குப் போவோம். வன்னிக்காரருக்கு இந்தக் கலையின் பெரிய கூடம் அதுதான். முள்ளியவளையிலோ பூநகரியிலோ ஒரு பனையின் கீழ் நின்று ஓலையை நிமிர்ந்து பாருங்கள். அது தட்டையான இலை அல்ல, மடிப்பு மடிப்பானது. மெல்லிய தாளை விசிறியாக மடித்தால் விறைப்பு வருவது அந்த மடிப்பினால்தான். ஓலை அதை மட்டையிலிருந்து தொடங்கிச் செய்துவிடுகிறது. நுனிப்பக்கம் பிளந்து கிடப்பது காற்றுக்கு வழிவிட. இந்த மடிப்பையும் பிளவையும் கண்டுகொண்ட கைகள்தான் பிளாவையும் நீத்துப்பெட்டியையும் கடகத்தையும் செய்தன.

பிளா மிக எளிமையானது. ஓலையை விரித்து, இரு முனையையும் கூட்டிக் கட்டினால் முடிந்தது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஓலையின் மடிப்புகள் நீளவாட்டில் ஓடுவதால் கூழ் தானாகவே வாய்ப்பக்கம் வரும். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினால் பிளாவில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். உதடு படும் இடத்தில் ஓலை எவ்வளவு மெல்லியது, சூடு விரலுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். குடித்து முடிந்ததும் எறியலாம், மாடு தின்னும். இதைவிடக் குறைந்த வேலையில் ஒரு கிண்ணத்தைச் செய்துகாட்டிய வடிவமைப்பாளரை நான் இன்னும் அறியவில்லை.

நீத்துப்பெட்டி கூம்பு. அது கூம்பாக இருப்பது பானையின் வாய்க்குள் இறங்கி நிற்பதற்கும், ஆவி அடியிலிருந்து பரந்து மேலே வருவதற்கும். பின்னலின் சந்துகளால் ஆவி ஏறும், மா கீழே சிந்தாது. எவ்வளவு நெருக்கமாக இழைத்தால் மா நிற்கும், எவ்வளவு தளர்த்தினால் ஆவி வரும் என்ற கணக்கு இழைக்கிறவரின் விரலில் இருக்கிறது. அலுமினியத்தில் வந்த புட்டுக்குழலும் நல்ல பொருள்தான். ஆனால் அது ஓலை வாசத்தைப் புட்டுக்குக் கொடுக்காது. புழங்கும் கலையை மூக்காலும் ரசிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பனங்கட்டிக் குட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். பதமான பாகை அதற்குள் ஊற்றி இறுக விடுவார்கள். ஓலையைப் பிரித்தால் பனங்கட்டியின் உடம்பில் பின்னலின் தடம் அச்சாகப் பதிந்திருக்கும். அச்சும் அதுவே, பொதியும் அதுவே, அலங்காரமும் அதுவே. ஒரே மரத்தின் பூவிலிருந்து வந்த இனிப்பு, அதே மரத்தின் இலைக்குள் உறைந்து கிடக்கிறது.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது கடகத்தின் முன்னால். கடகத்தைக் கவிழ்த்து வையுங்கள். அடி சதுரம், நாலு மூலை. இனி நிமிர்த்தி வாயைப் பாருங்கள். வட்டம். எங்கே சதுரம் முடிந்து வட்டம் தொடங்கியது? விரலால் தொட்டுத் தேடினாலும் அந்த எல்லை அகப்படாது. அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஓலைகள், மூலையில் ஒன்றையொன்று கடந்து திரும்பும்போது சாய்வாக ஏறத் தொடங்குகின்றன. சாய்வாக ஏறும் பின்னல் வளைந்து கொடுக்கும், அதனால் வாய் தன்பாட்டில் வட்டமாகிவிடுகிறது. சதுர அடி நிலத்தில் ஆடாமல் இருக்கிறது, வட்ட வாய் இடுப்பிலும் தலையிலும் உறுத்தாமல் இருக்கிறது. வாயைச் சுற்றி நாரால் பொத்தியிருக்கும் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நெல்லோ விறகோ மண்ணோ, பாரம் முழுவதும் அந்த விளிம்பில்தான் வரும் என்று செய்தவருக்குத் தெரியும். உள்ளே மெல்லிய பின்னல், வெளியே தடித்த பின்னல் என்று இரட்டையாக இழைத்த கடகம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதீர்கள்.

சந்தையில் சுளகு வாங்கும் அம்மாமாரைக் கவனித்திருப்பீர்கள். ஒருவரும் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள், சந்து தெரிகிறதா என்று. விளிம்பை நசுக்குவார்கள். பிறகு வெறுஞ்சுளகையே இரண்டு தரம் புடைத்துப் பார்ப்பார்கள், கைக்குப் பாரம் எப்படி என்று. தட்டிப் பார்த்து ஓலை காய்ந்ததா என்று கேட்பார்கள். மதிப்பிடுதல் என்றால் இதுதான். இந்தக் கண்ணும் கையும் இருக்கிற ஒருவர் எந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குள் போனாலும் தடுமாறத் தேவையில்லை. கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் கைவினைஞர்களைப் பெருங்கலைஞர்களுக்குக் கீழே வைக்க மறுத்தார். பயனையும் அழகையும் பிரிப்பது பிற்காலத்து வழக்கம் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வாதாடிய கட்சி. நமது அம்மாமார் அவரை வாசிக்காமலேயே அந்தக் கட்சியில் இருக்கிறார்கள்.

இப்போது கண்டலமவுக்குப் போகலாம். குளத்தைப் பார்த்தபடி மலைச்சரிவோடு ஒட்டி, பாவா 1990களில் கட்டிய ஹோட்டல் அது. தங்குவதற்கு நம்மில் பலருக்குக் கட்டாது. ஒரு தேநீருக்காவது உள்ளே போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு படிக்கட்டின் மேலே லக்கியின் பெரிய உலோக ஆந்தை சிறகை விரித்து நிற்கிறது. கறாராகச் சொன்னால் அது புழங்கும் பொருள் அல்ல. கைப்பிடியும் அல்ல, விளக்கும் அல்ல. ஆனாலும் ஒரு வேலை செய்கிறது. படி ஏறுகிறவர் வழக்கமாகக் காலைப் பார்த்து ஏறுவார். இங்கே தலை தானாக நிமிர்கிறது. வயல் எலி ஆந்தையைப் பார்க்கும் கோணத்தில் நாம் அதைப் பார்க்கிறோம். ஓடியோடி இரண்டிரண்டு படிகளாகத் தாண்டாமல், ஒவ்வொரு படியிலும் நின்று பாருங்கள். படம் எடுப்பதானால் இறங்கி வரும்போது எடுங்கள்.

ஆந்தை விஷயத்தில் நமக்கு ஒரு தடை இருக்கிறது. கூகை குழறினால் சாவுச் செய்தி என்று பயந்து வளர்ந்தவர்கள் நாம். வீட்டு முகப்பில் ஆந்தையை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அந்தப் பயத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பயத்தோடேயே பாருங்கள். அந்தச் சிற்பத்தில் கொஞ்சம் பயம் வேண்டித்தான் இருக்கிறது. எலியைப் பிடிக்கட்டும் என்று வயலில் தடி நட்டு ஆந்தைக்கு இருக்க இடம் கொடுக்கிற கமக்காரருக்கு அது இன்னும் நன்றாகப் புரியும்.

வெளியுலகத்தில் இதே பாதையில் போனவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். சிற்பி இசாமு நொகுச்சி, 1951 இல் ஜப்பானின் கிஃபு நகரத்தில் மூங்கில் விலாவும் மல்பெரிப் பட்டைத் தாளும் கொண்டு விளக்குகள் செய்யத் தொடங்கினார். அது அந்த ஊரின் பழைய விளக்குத் தொழில். அவர் அதைக் கைவிடவில்லை, வடிவத்தை மாற்றினார். ஏற்றினால் சிற்பம், மடித்தால் ஒரு தட்டையான பொதி. மற்றவர் ஜோர்ஜ் நகஷிமா. இவர் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர். 1930களின் கடைசியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட வந்து, அதற்குத் தேக்கில் தளபாடங்களும் வடிவமைத்தார். பிறகு அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளில் மரத்தின் ஓரத்தை நேராக அறுக்கமாட்டார், வளர்ந்தபடியே விடுவார். பலகையில் வெடிப்பு இருந்தால் மறைக்கமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு கட்டையைக் குறுக்கே பதித்து, வெடிப்பு மேலும் ஓடாமல் பிடித்து வைப்பார். அந்த வண்ணத்துப்பூச்சி அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்.

நகஷிமாவின் மேசையை ரசிக்கும் பழக்கத்தை முதிரையில் பழகலாம். வன்னியின் பழைய வீடுகளில் கதவும் நிலையும் பெட்டகமும் முதிரையில் இருக்கும். வெளிச்சம் படும் பக்கம் நின்று, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பட்டுத்துணி மாதிரி மினுக்கம் ஓரிடத்தில் அணைந்து இன்னோரிடத்தில் எழும். மரநார் ஒரே திசையில் ஓடாததால் வரும் விளையாட்டு அது. நல்ல தச்சர் இரட்டைக் கதவுக்கு ஒரே பலகையை அறுத்து எதிரெதிராக வைத்து, இந்த மினுக்கம் இரண்டு பக்கமும் சமமாக வரச் செய்வார். மேலே தடித்த வார்னிஷ் அடித்தால் எல்லாம் போயிற்று. பிளாஸ்ரிக் உறை போட்ட மாதிரி ஆகிவிடும். இப்படிப்பட்ட கதவுகள் இப்போது அதிகம் இல்லை. வீடுகளே நிற்காத ஊர்களில் கதவுக்கு எங்கே போவது? போர்க்காலத்தில் நிலையோடு கழற்றி வண்டியில் ஏற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டுதிரிந்தவர்களும் இருந்தார்கள். பனையும் தப்பவில்லை, குற்றிகளாகிப் பதுங்குகுழிகளுக்கு மேல் போனது. ஒரு பனை பாளை விடுவதற்குப் பதினைந்து இருபது வருடம் எடுக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், இன்று சந்தையில் கிடைக்கும் ஒரு நல்ல கடகம் மலிவுதான்.

வாங்கும்போது சாயத்தில் மயங்க வேண்டாம். ஊதாவும் பச்சையும் பூசிய கைப்பைகளை நான் குறை சொல்லவில்லை, அதுவும் ஒருவரின் பிழைப்பு. ஆனால் பழகுவதற்குச் சாயமில்லாத பொருள்தான் நல்லது. குருத்தோலையின் வெளிறிய மஞ்சளும் சற்று முற்றிய சார்வோலையின் பச்சை கலந்த நிறமும் எங்கே மாறி மாறி வருகின்றன என்று அதில்தான் தெரியும். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் பொருள் சீராக இருக்கும். செய்தவரையே சந்திக்க வேண்டுமானால் சந்தை நாளில் காலையிலேயே போங்கள். முடிந்தால் ஒன்றை இழைத்துக்காட்டச் சொல்லுங்கள், முக்கியமாக மூலை திருப்புவதை. பேரம் பேசுவதானால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். பார்த்த பிறகு வாய் வராது.

வாங்கியதை அலுமாரிக் கண்ணாடிக்குள் வைக்காதீர்கள். பயன்படாத ஓலை பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இரை. நீத்துப்பெட்டியை அவித்த கையோடு கழுவிக் கவிழ்த்துக் காற்றாடக் கொழுவுங்கள். சுளகை நிலத்தில் போடாமல் சுவரில் தொங்கவிடுங்கள். கடகத்தில் ஈரம் ஊறினால் நிழலில் காயவையுங்கள், உச்சிவெயில் ஓலையை முறியவைக்கும். விளிம்பு நார் தளர்ந்தால் உடனே பொத்துவியுங்கள், ஒரு பக்கம் அவிழ்ந்தால் முழுவதும் அவிழும். அடி தேய்ந்த கடகம் குப்பை அள்ள உதவும், அதுவும் முடிந்தால் வாழைக்கு அடியில் போடலாம்.